28-க்கும் 31-க்கும் நடுவே ஒரே ஒரு மீன்: அமெரிக்கத் தூண்டில் விதிகளின் பின்னால் உள்ள கணக்கு

நியூ ஜெர்சிக் கடற்கரையில் தூண்டில் போடுபவருக்கு 30 அங்குல ஸ்ட்ரைப்டு பாஸ் மாட்டினால் அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். 32 அங்குலம் இருந்தால் கடலிலேயே விட்டுவிட வேண்டும். 27 அங்குலம் என்றாலும் விட்டுவிட வேண்டும். அவரே மேரிலாந்து போய்ச் செசபீக் விரிகுடாவில் தூண்டில் போட்டால் விதி மாறிவிடுகிறது. அங்கே 22 அங்குல மீனை எடுத்துக்கொள்ளலாம், 30 அங்குல மீனை எடுத்தால் குற்றம். கரையிலிருந்து மூன்று கடல் மைலைத் தாண்டிவிட்டால் எந்த நீளத்து ஸ்ட்ரைப்டு பாஸையும் பிடிக்கவே கூடாது. கடலோரத்திலும் விரிகுடாவிலும் கணக்கு ஒன்றுதான்: ஆளுக்கு, நாளுக்கு, ஒரு மீன்.

2023 மே மாதம் அவசர நடவடிக்கையாக மேல் வரம்பு இறக்கப்பட்டபோதும், 2025 அக்டோபரில் மேலும் 12 சதவீதம் பிடிப்பைக் குறைக்கும் யோசனை கைவிடப்பட்டபோதும் தூண்டில்காரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடினார்கள். சின்ன மீனை விடச் சொல்வது எவருக்கும் புரிகிறது. பெரிய மீனை ஏன் விட வேண்டும்? மீன் உண்மையிலேயே குறைந்துவிட்டதா? குறைந்திருந்தால் மொத்தமாகத் தடை போடாமல் அங்குலக் கணக்கு எதற்கு? தமிழர்கள் பெருமளவில் குடியேறியிருக்கும் நியூ ஜெர்சி, மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களில் வார இறுதித் தூண்டில்காரர்களுக்கும் இதே குழப்பம்தான். அடிப்படையிலிருந்து தொடங்கினால் இந்த விதிகளுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும்.

எந்த மீன், எங்கே பிறக்கிறது

ஸ்ட்ரைப்டு பாஸ் வெள்ளி உடலில் ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடும் மீன். வடக்கே அதன் பேச்சுப் பெயர் ‘ஸ்ட்ரைப்பர்’, செசபீக் பக்கம் ‘ராக்ஃபிஷ்’. முப்பது வயது வரை வாழக்கூடியது. தூண்டிலில் பிடித்த உலகச் சாதனை மீன் 2011-இல் கனெக்டிகட் பக்கம் லாங் ஐலண்ட் சவுண்டில் கிடைத்தது. எடை 81 பவுண்டு 14 அவுன்ஸ், அதாவது 37 கிலோவுக்குச் சற்று மேல்.

இது கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றுக்கு ஏறும் மீன். நம் ஊரில் உல்லம் மீனுக்கு உள்ள பழக்கம் இதற்கும் உண்டு. வசந்த காலத்தில் செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளிலும், ஹட்சன், டெலவேர் ஆறுகளிலும் உப்பு முடிந்து நன்னீர் தொடங்கும் பகுதிக்குப் போய் முட்டையிடும். கிழக்குக் கடற்கரை முழுக்க அலையும் ஸ்ட்ரைப்டு பாஸில் பெரும்பங்கு செசபீக்கில் பிறந்தவை. கோடையில் மெயின் மாநிலத்தில் ஒருவர் பிடிக்கும் பெரிய மீன், பல ஆண்டுகளுக்கு முன் மேரிலாந்தின் ஏதோ ஓர் ஆற்றில் குஞ்சாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அதனால் தனி மாநிலம் போடும் விதிக்குப் பெரிய அர்த்தம் இல்லை. ஒரு மாநிலம் சேமித்ததை அடுத்த மாநிலம் பிடித்துவிடும். மெயின் முதல் வட கரோலைனா வரையுள்ள மாநிலங்கள் அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம் என்ற பொது அமைப்பில் உட்கார்ந்து விதி எழுதுகின்றன. ஆணையம் 1942-இலேயே அமைந்தது, ஆனால் அதன் சொல்லுக்குப் பலம் வந்தது 1984-இல். அந்த ஆண்டு நிறைவேறிய சட்டத்தின்படி, திட்டத்துக்கு உடன்படாத மாநிலத்தில் ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிப்பை நடுவண் அரசு முழுவதுமாக நிறுத்திவிடலாம்.

செய்திகளில் வரும் சொற்கள்

1. எண்ணிக்கை வரம்பு: ஒருவர் ஒரு நாளில் எத்தனை மீனை வைத்துக்கொள்ளலாம் என்பது. ‘வைத்துக்கொள்ள’ என்பதுதான் இதில் முக்கியம். பிடித்து விடும் மீன்கள் இந்தக் கணக்கில் வராது.

2. குறைந்தபட்ச நீளம்: இதைவிடச் சிறியதை விட்டுவிட வேண்டும். ஒருமுறையாவது முட்டையிட்ட பிறகே மீன் பிடிபட வேண்டும் என்பது இதன் பழைய நியாயம்.

3. ஸ்லாட்: கீழே ஓர் எல்லை, மேலே ஓர் எல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ளதை மட்டும் எடுக்கலாம். இப்போது கடலோரத்தில் 28 முதல் 31 அங்குலம், அதாவது ஏறக்குறைய 71 முதல் 79 செ.மீ. செசபீக் விரிகுடாவில் 19 முதல் 24 அங்குலம், அதாவது 48 முதல் 61 செ.மீ.

4. ஆண்டுத் தொகுதி: ஒரே வசந்தத்தில் பிறந்த மீன்கள் அனைத்தும். ‘2015 தொகுதி’ என்றால் அந்த ஆண்டில் பொரித்தவை.

5. இருப்புக் குறைவு, மிகைப்பிடிப்பு: இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். முதலாவது, நீரில் இன்று எவ்வளவு மீன் இருக்கிறது என்பதைப் பற்றியது. இரண்டாவது, எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறோம் என்பதைப் பற்றியது. பிடிக்கும் வேகத்தைக் குறைத்த பிறகும் இருப்பு பல ஆண்டுகள் குறைவாகவே இருக்கலாம். ஸ்ட்ரைப்டு பாஸின் இன்றைய நிலை இதுதான்.

இந்த ஐந்தாவது சொல்லை எண்ணாகப் பார்க்கலாம். இருப்பை அளக்க, முட்டையிடும் வயதுப் பெண் மீன்களின் மொத்த எடையைக் கணக்கிடுகிறார்கள். 1995-இல் இருந்த எடையைக் கீழ்க்கோடாகவும், அதைவிடக் கால் பங்கு கூடுதலை இலக்காகவும் வைத்திருக்கிறார்கள். 2024-இல் வந்த மதிப்பீட்டின்படி 2023-இல் பெண் மீன்களின் எடை 19.1 கோடி பவுண்டு. கீழ்க்கோடு 19.7 கோடி, இலக்கு 24.7 கோடி. ஆக இருப்பு குறைவுதான், ஆனால் அந்த ஆண்டு மிகைப்பிடிப்பு நடக்கவில்லை. ‘மீன் குறைவு’ என்றவர் சொன்னதும் உண்மை, ‘அளவுக்கு மீறிப் பிடிக்கவில்லை’ என்றவர் சொன்னதும் உண்மை.

ஒருமுறை அழிவின் விளிம்புக்குப் போய் வந்த மீன்

1639-இலேயே மாசசூசெட்ஸ் பே குடியேற்றத்தில் ஸ்ட்ரைப்டு பாஸை வயலுக்கு உரமாகப் போடக்கூடாது என்று சட்டம் எழுதினார்கள். ஒரு மீனை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு அந்தக் கண்டத்தில் ஐரோப்பியர் போட்ட முதல் விதிகளில் ஒன்று அது. உரமாகப் போடும் அளவுக்கு அன்று மீன் கொட்டிக் கிடந்தது என்றும் அதிலிருந்து தெரிகிறது.

சரிவு வந்தது 1970-களில். 1973-இல் வணிகப் பிடிப்பு ஏறக்குறைய 1.5 கோடி பவுண்டு. பத்தே ஆண்டில், 1983-இல், அது 35 லட்சம் பவுண்டுக்கு இறங்கிவிட்டது. மேரிலாந்து 1985 ஜனவரி முதல் முழுத் தடை விதித்தது. வணிகம், பொழுதுபோக்கு இரண்டுமே நின்றன. டெலவேரும் அதே வழியில் போனது, வர்ஜீனியா 1989-இல் சேர்ந்துகொண்டது.

தடையோடு சேர்த்துச் செய்த இன்னொரு வேலை இன்றைய ஸ்லாட்டைப் புரிந்துகொள்ள உதவும். மோசமான ஆண்டுகளுக்கு நடுவில் 1982-இல் பிறந்த தொகுதி மட்டும் ஓரளவு தேறியிருந்தது. அந்தத் தொகுதியின் பெண் மீன்களில் 95 சதவீதம் ஒருமுறையாவது முட்டையிடும் வரை அவற்றைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தார்கள். எப்படி? மீன் வளர வளர, குறைந்தபட்ச நீளத்தையும் ஏற்றிக்கொண்டே போனார்கள். தடை இல்லாத மாநிலங்களிலும் அந்தத் தொகுதி எப்போதும் எல்லைக்குக் கீழேயே இருந்தது, ஆகவே எவரும் அதை எடுத்துப்போக முடியவில்லை.

1989-இல் மேரிலாந்தின் குஞ்சுக் கணக்கெடுப்பு எதிர்பார்த்த அளவைத் தாண்டியது. 1990-இல் கட்டுப்பாட்டோடு பிடிப்பு மீண்டும் தொடங்கியது. 1995-இல் மீன் மீண்டுவிட்டதாக ஆணையம் அறிவித்தது. கடல் மீன் வள மேலாண்மையில் இப்படித் தெளிவாக வென்ற கதைகள் குறைவு. ஒரு தொகுதியைக் குறிவைத்துக் காத்தால் ஓர் இனமே திரும்பி வரும் என்பதற்கு இந்தக் கடற்கரையிலேயே சான்று இருக்கிறது.

பெரிய மீனை ஏன் விட வேண்டும்

பெண் ஸ்ட்ரைப்டு பாஸ் நான்கு வயதில் முதிரத் தொடங்குகிறது. ஆறு வயதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவைதான் முதிர்ந்திருக்கும். ஒன்பதை எட்டினால் அநேகமாக எல்லாமே முட்டையிடும். பழைய 28 அங்குலக் குறைந்தபட்ச அளவு இதை ஒட்டியே வந்தது.

முதிர்ந்த பிறகு முட்டையின் எண்ணிக்கை உடலோடு சேர்ந்து ஏறுகிறது. 12 பவுண்டுப் பெண் மீன் ஏறக்குறைய 8.5 லட்சம் முட்டை இடும், 55 பவுண்டுப் பெண் மீன் 42 லட்சம். பெரிய மீன்களின் முட்டையும் பெரியது, அதிலிருந்து வரும் குஞ்சும் கொஞ்சம் திடமானது. இத்தோடு, வயதுக் கலப்பு இருக்கும் கூட்டத்தில் எல்லா மீனும் ஒரே வாரத்தில் முட்டையிடுவதில்லை. முட்டையிடும் நாட்கள் பரவியிருப்பதால், திடீர்க் குளிர் வந்து ஒரு வாரக் குஞ்சுகள் அழிந்தாலும் அடுத்த வாரத்தவை தப்பும்.

மேல் வரம்பு இல்லாமல் குறைந்தபட்ச நீளம் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? 28 அங்குலத்தைத் தொட்ட நாளிலிருந்து மீனுக்கு ஆயுள் முழுக்க ஆபத்து. அதோடு, பெரிய மீனையே தேடிப் பிடிக்கும் ஆசை தூண்டில்காரருக்கு இயல்பு. ஸ்லாட் வைத்தால் ஆபத்து ஒரு சில ஆண்டுகளுக்குச் சுருங்கிவிடும். அந்த இடைவெளியைக் கடந்த மீனைச் சட்டப்படி எவரும் எடுக்க முடியாது.

இந்த யோசனை ஸ்ட்ரைப்டு பாஸுக்கு மட்டும் உரியதன்று. நம் கொடுவா மீனையே ஆஸ்திரேலியாவில் ‘பாரமுண்டி’ என்கிறார்கள். குயின்ஸ்லாந்தில் அதற்கு 58 முதல் 120 செ.மீ. வரை ஸ்லாட். கொடுவா பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். அங்கே பெரிய மீனை எல்லாம் எடுத்துவிட்டால் எடுக்கப்படுவது பெண் மீன்கள்தான். மேல் வரம்பின் தேவை ஸ்ட்ரைப்டு பாஸை விடக் கொடுவாவில் இன்னும் வெளிப்படையானது.

35 ஏன் 31 ஆனது

2019-இல் வெளியான முழு மதிப்பீடு இருப்பு கீழ்க்கோட்டுக்குக் கீழே போய்விட்டது, மிகைப்பிடிப்பும் நடக்கிறது என்று சொன்னது. பத்தாண்டுக்குள், அதாவது 2029-க்குள், இலக்கை எட்ட வேண்டும் என்ற கெடு அப்போது தொடங்கியது. முதல் நடவடிக்கையாக 2020-இல் கடலோரத்துக்கு 28 முதல் 35 அங்குல ஸ்லாட் வந்தது. ஒரு மீன் வரம்பு அதற்கு முன்பே இருந்தது.

இரண்டு ஆண்டு அது வேலை செய்தது. அடுத்து வந்த சிக்கலைப் பிறப்புக் கணக்கே சொல்லிவிடும். 2015-இல் செசபீக்கில் மிக நல்ல தொகுதி ஒன்று பிறந்திருந்தது. ஏழு ஆண்டு கழித்து, 2022-இல், அந்த மீன்கள் கூட்டமாக 28 அங்குலத்தைத் தாண்டி ஸ்லாட்டுக்குள் நுழைந்தன. அதுவரை அளவு போதாமல் விடப்பட்டவை எல்லாம் ஒரே ஆண்டில் ‘எடுக்கத் தக்கவை’ ஆகின. 2022-இல் தூண்டில்காரர்கள் எடுத்துப்போன மீன் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. விதி மாறவில்லை, மீன் வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதே வேகத்தில் போனால் 2029-க்குள் மீளும் வாய்ப்பு 97 சதவீதத்திலிருந்து 15 சதவீதத்துக்கும் கீழே விழும் என்று ஆணையத்தின் அறிவியல் குழு கணக்கிட்டது. 2023 மே மாதத்தில் அவசரமாக மேல் வரம்பை 31-க்கு இறக்கினார்கள், 2024-இல் அது நிலையான விதியானது. எட்டு வயதை எட்டிய 2015 தொகுதியில் பெரும்பங்கு 31-ஐத் தாண்டிவிட்டது, அல்லது தாண்டும் தறுவாயில் இருந்தது. எல்லையை இறக்கியதும் அவை ஒரே நாளில் பாதுகாப்புக்குள் வந்தன.

1982 தொகுதிக்குச் செய்ததையும் இதையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அன்று கீழ் எல்லையை ஏற்றி ஒரு தொகுதியைக் கீழே வைத்துக் காத்தார்கள். இன்று மேல் எல்லையை இறக்கி ஒரு தொகுதியை மேலே வைத்துக் காக்கிறார்கள். நீள வரம்பு என்று பேப்பரில் எழுதியிருப்பது நடைமுறையில் ஒரு வயதைத் தேர்ந்தெடுப்பதுதான். 31 என்ற எண்ணுக்கு மீனின் உடலமைப்பில் தனி மகிமை எதுவும் இல்லை. 2015-இல் பிறந்தவை 2023-இல் அந்த நீளத்தில் இருந்தன. அதனால்தான் இந்த எண்.

விரிகுடாவில் ஏன் வேறு அளவு

மெயினில் 30 அங்குல மீனை எடுக்கலாம், மேரிலாந்தில் 20 அங்குல மீனை எடுக்கலாம் என்றால் நியாயமாகத் தெரியாது. காரணம் மீனின் வாழ்க்கை முறை. பிறந்த மீன்கள் சில ஆண்டுகள் விரிகுடாவுக்குள்ளேயே வளர்கின்றன. பிறகு பெண் மீன்கள் பெரும்பாலும் கடலுக்குக் கிளம்பிவிடும், ஆண் மீன்களில் நிறைய அங்கேயே தங்கிவிடும். எனவே ஆண்டு முழுக்க விரிகுடாவில் இருப்பவை சிறியவை, அவற்றிலும் ஆண் அதிகம். 28 அங்குலம் என்று விதி வைத்தால் விரிகுடாக்காரர்களுக்கு வசந்தத்தில் முட்டையிட வரும் தாய் மீன்கள் மட்டும்தான் மிஞ்சும். அவற்றைத்தான் தொடக்கூடாது. அதனால் அங்கே ஸ்லாட்டைக் கீழே இறக்கி, 24-க்கு மேல் கதவைச் சாத்திவிட்டார்கள். மே முதல் பாதியில் பெரிய மீனுக்கென்று மேரிலாந்து நடத்திவந்த ‘டிராஃபி’ பருவத்தையும் 2024-இல் நிறுத்தியது. முட்டையிட வந்த மீனைக் குறிவைக்கும் பருவம் அவ்வளவு காலம் நீடித்ததே அதிகம் என்பது என் எண்ணம்.

விட்ட மீன்களில் இறப்பவை

தூண்டில்காரர்கள் பலர் கேட்க விரும்பாத பகுதி இது. ஸ்ட்ரைப்டு பாஸைப் பிடிப்பவர்கள் பத்தில் ஒன்பது மீனைத் திருப்பி விட்டுவிடுகிறார்கள். அளவு சரியில்லாததால் விடுபவை சில, விரும்பியே விடுபவை சில. விட்ட மீன் நீந்திப் போவதைப் பார்த்ததும் மனது நிறைகிறது. ஆனால் அவற்றில் சராசரியாக 9 சதவீதம் பிறகு இறந்துவிடுகின்றன என்று கொண்டுதான் ஆணையம் கணக்குப் போடுகிறது.

ஒன்பது சதவீதம் சிறியதாகத் தெரியும். நூறு மீன் பிடிபட்டதாக வைத்துக்கொள்வோம். பத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், தொண்ணூறை விடுகிறார்கள். தொண்ணூறில் ஒன்பது சதவீதம் எட்டு. ஆக, சாப்பிட்டவை பத்து, எவருக்கும் பயன்படாமல் இறந்தவை எட்டு. உண்மைப் புள்ளிவிவரமும் இதற்கு அருகில்தான் இருக்கிறது: தூண்டில்காரர்களால் போகும் மீனில் கிட்டத்தட்டப் பாதி, விட்ட பிறகு இறப்பவை.

ஸ்லாட்டின் பலவீனமும் இதுதான். இடைவெளியைச் சுருக்கச் சுருக்க எடுத்துப்போகும் மீன் குறைகிறது, விடும் மீன் கூடுகிறது. ‘இன்னும் பெரியதாக இருந்தால் நல்லது, சரியான அளவில் கிடைக்கட்டும்’ என்று நாள் முழுக்கத் தூண்டில் போடுபவர் இருபது மீனை விட்டு ஒன்றை எடுக்கக்கூடும். எண்ணிக்கை வரம்பு ஏற்கெனவே ஒன்று. ஒன்றுக்குக் கீழே பூஜ்யம்தான் இருக்கிறது. ஆகவே மேலும் குறைக்க வேண்டுமென்றால் கையில் மிஞ்சும் கருவி மூடிய பருவம் மட்டுமே. அதிலும் இரண்டு வகை உண்டு: மீனை எடுக்கத் தடை, ஸ்ட்ரைப்டு பாஸைக் குறிவைத்துத் தூண்டில் போடவே தடை. இரண்டாவதுதான் விட்டபின் இறப்பவற்றைக் காக்கும். ஆனால் ‘நான் வேறு மீனுக்குத்தான் போட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் காவலர் எதை வைத்து மறுப்பார்?

ஒன்பது சதவீதம் என்பது சராசரி. குளிர்ந்த உப்புநீரில், உதட்டில் மாட்டிய மீன், தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விடப்பட்டால் பெரும்பாலும் பிழைக்கும். வெயில் காலத்தில், உப்புக் குறைந்த சூடான நீரில், இரையோடு முள்ளை வயிறுவரை விழுங்கிய மீனுக்குப் பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவு, போராடிக் களைத்த மீனால் மூச்சை மீட்க முடியாது. மேரிலாந்து ஜூலையின் பின்பாதியை மூடிவைத்ததும், வெப்பம் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் நாட்களைச் ‘சிவப்பு நாள்’ என்று அறிவித்ததும் இதற்காகத்தான்.

வணிக மீனவர்தான் காரணமா

கரையில் கேட்கும் வழக்கமான பழி: ‘எங்களை ஒரு மீனோடு நிறுத்துகிறார்கள், வலைக்காரன் அள்ளிக்கொண்டு போகிறான்.’ ஸ்ட்ரைப்டு பாஸில் இது பொருந்தாது. மொத்த இழப்பில் வணிகப் பிடிப்பின் பங்கு பத்து, பதினைந்து சதவீதம் அளவில்தான். அதற்கு மாநிலவாரியான ஒதுக்கீடு உண்டு, விற்கும் ஒவ்வொரு மீனிலும் எண்ணிட்ட பட்டை கட்ட வேண்டும். நியூ ஜெர்சி, கனெக்டிகட், நியூ ஹாம்ப்ஷயர், மெயின் மாநிலங்களில் வணிகப் பிடிப்பே கிடையாது. இந்த மீனின் தலைவிதி பெரும்பாலும் தூண்டில்காரர் கையில் இருக்கிறது. லட்சக்கணக்கானோர் ஆளுக்கு ஒன்று என்று எடுத்தாலும் கூட்டினால் பெரும் தொகை.

ஆனால் அந்தக் கூட்டுத்தொகையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் நியாயம் உண்டு. வணிக மீனை எடை போடலாம், கரையில் நிற்பவர்களை எடை போட முடியாது. எத்தனை முறை மீன்பிடிக்கப் போனீர்கள் என்று வீடுகளில் கேட்டும், கரையிலும் படகுத்துறையிலும் ஆட்களை நிறுத்திப் பிடித்ததை எண்ணியும் மதிப்பிடுகிறார்கள். தொலைபேசிக் கேள்வியிலிருந்து அஞ்சல் படிவத்துக்கு மாறியதும், 2018-இல் பழைய ஆண்டுகளின் மதிப்பீடு எல்லாம் மேலே திருத்தப்பட்டது. அப்புறம் 2023-இல், படிவத்தில் கேள்விகளின் வரிசையை மாற்றினாலே பயணக் கணக்கு 30 முதல் 40 சதவீதம் வரை குறையலாம் என்று ஒரு சோதனை ஆய்வு காட்டியது. இதைப் பிடித்துக்கொண்டு மொத்த அறிவியலும் பொய் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பயணக் கணக்கு எல்லா ஆண்டுக்கும் ஒரே விகிதத்தில் மிகையாக இருந்தால், மீன் இருப்பின் மதிப்பீடும் அதே போக்கில் மாறும். ஏறுகிறதா இறங்குகிறதா என்ற திசை மாறாது. குஞ்சுக் கணக்கோ எவரிடமும் கேட்காமல் வலை போட்டு எண்ணுவது. அது சொல்லும் செய்தி இன்னும் கவலைக்குரியது.

விதியால் முடியாதது

மேரிலாந்து 1954 முதல் ஒவ்வொரு கோடையிலும் ஒரே முறையில் கரைவலை இழுத்து, அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகளை எண்ணுகிறது. போட்டமாக், சாப்டாங்க், நாண்டிகோக் ஆறுகளும் விரிகுடாவின் மேல்பகுதியும் சேர்த்து 22 இடங்கள். ஒரு வலை இழுப்பில் வரும் குஞ்சுகளின் நீண்டகாலச் சராசரி ஏறக்குறைய 11. 2015-இல் அது 24, 2018-இல் ஏறக்குறைய 15. அதற்குப் பிறகு 2019 முதல் 2025 வரை ஓர் ஆண்டுகூடச் சராசரியைத் தொடவில்லை. 2023-இல் ஒன்று, 2024-இல் இரண்டு, 2025-இல் நான்கு.

தாய் மீன்கள் இல்லாமல் போய்விட்டனவா? இல்லை. 1980-களின் சரிவோடு ஒப்பிட்டால் இன்று முட்டையிடும் மீன் போதுமான அளவு இருக்கிறது. சிக்கல் முட்டையிட்ட பிறகு. முட்டை ஆற்றில் மிதந்து நகர வேண்டும், நீரோட்டம் போதாமல் அடியில் தங்கினால் செத்துவிடும். பொரித்த குஞ்சுக்கு வாய்க்கு அடக்கமான நுண்ணுயிர்கள் அந்த வாரத்திலேயே கிடைக்க வேண்டும். குளிரும் மழையும் மிகுந்த பனிக்காலமும் மெதுவாகச் சூடேறும் வசந்தமும் வந்தால் ஆற்றில் நீர் நிறைந்து, இரை பெருகும் காலமும் குஞ்சு பொரிக்கும் காலமும் ஒன்றுசேரும். வெப்பமான, வறண்ட பனிக்காலம் வந்தால் இரண்டும் தவறிப்போகின்றன. சமீப ஆண்டுகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. செசபீக்கில் பெருகிவிட்ட அயலின நீலக் கெளுத்தியும் உதவியாக இல்லை.

பருவநிலையை ஆணையம் மாற்ற முடியாது. 31 அங்குலம் என்ற எல்லை ஒரு குஞ்சைக்கூடக் கூடுதலாகப் பொரிக்க வைக்காது. அதன் வேலை ஒன்றுதான்: நல்ல வசந்தம் வரும் ஆண்டில் ஆற்றில் முட்டையிட மீன் இருக்க வேண்டும். அது எந்த ஆண்டு என்று முன்கூட்டித் தெரியாததால், 2015 தொகுதியை அதுவரை உயிரோடு வைத்திருக்க வேண்டியிருக்கிறது. 2018 தொகுதியையும் அப்படியே. இந்த விதிகளை ஆதரிப்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

தூண்டில் கையில் இருப்பவர் கவனிக்க வேண்டியவை

1. அளப்பது: வாயை மூடி, வாலின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். உடல் வளைவின் மேல் நாடாவைப் போட்டால் நீளம் கூடும். வாலை விரித்து வைத்தால் நீளம் குறையும். மூன்றே அங்குல இடைவெளியில் இந்த வித்தியாசம் மீனின் உயிரையும் உங்கள் அபராதத்தையும் முடிவு செய்யும்.

2. முள்: இரை குத்திப் பிடித்தால் வட்ட முள் கட்டாயம். 2021 முதல் இதுதான் விதி. அதன் முனை உள்நோக்கி வளைந்திருப்பதால், விழுங்கிய மீனின் தொண்டையில் ஏறாமல் வழுக்கி வந்து வாய் ஓரத்தில் மாட்டும். மீன் கடித்ததும் சுண்டி இழுக்கக்கூடாது, நிதானமாகச் சுற்றினாலே போதும். இந்த ஒரு பழக்கம் மாறாவிட்டால் வட்ட முள்ளால் பயன் குறைவு.

3. கையாளுதல்: கொக்கியால் குத்தித் தூக்குவது ஸ்ட்ரைப்டு பாஸுக்குத் தடை. விடப்போகும் மீனைச் செவுளில் விரல் விட்டுத் தூக்கக்கூடாது, மணலில் போடக்கூடாது. படம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு பிறகு மீனை எடுக்கலாம்.

4. இடம்: மூன்று கடல் மைலுக்கு அப்பால் 1990 முதல் தடை. அங்கே பிடித்து விடுவதும் குற்றம். திமிங்கிலம் துள்ளுகிறது, கீழே ஸ்ட்ரைப்பர் இருக்கும் என்று படகை அங்கே ஓட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

5. மாநில விதி: இங்கே சொன்னவை ஆணையத்தின் பொது அளவுகள். திறந்த பருவம், இரவு நேரம், ஆற்றுப் பகுதிக்கான தனி ஸ்லாட், பதிவு எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மாநில மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக்கூடாது.

2029 வரை என்ன எதிர்பார்க்கலாம்

இனி வரும் ஆண்டுகளின் கணக்கை இன்றே ஓரளவு எழுதிவிடலாம். 2019-இல் பிறந்தவை 2026-இல் ஏழு வயதை எட்டி 28 அங்குலத்தை நெருங்குகின்றன. அவை மெலிந்த தொகுதி, அடுத்தடுத்து வருபவையும் அப்படியே. கடலோர ஸ்லாட்டுக்குள் மீனே அரிதாகப் போகும். 31-க்கு மேற்பட்ட பெரிய மீன்கள் நன்றாகவே கிடைத்துக்கொண்டிருக்கும். அப்போது எழப்போகும் கோரிக்கையை இப்போதே ஊகிக்கலாம்: ‘பெரிய மீன் நிறைய இருக்கிறது, மேல் வரம்பை மறுபடி 35-க்கு ஏற்றுங்கள்.’ கண்ணில் படும் அந்தப் பெரிய மீன்கள் 2015, 2018 தொகுதிகளின் மிச்சம். அவற்றின் பின்னால் அதே அளவு வேறு கூட்டம் வரவில்லை என்று மேரிலாந்தின் கரைவலை ஏழு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. அந்தக் கோரிக்கை மேசைக்கு வரும்போது ஆணையம் 2022-இல் நடந்ததை நினைவில் வைத்திருக்க வேண்டும். தூண்டில்காரர்களும்தான்.